நடந்து காட்டிய பாட்டி

1954ஆம் ஆண்டு கோடைக்காலம். அமெரிக்காவின் மேய்ன் மாநிலக் காட்டில் 66 வயது மூதாட்டி ஒருவர் வழி தவறி அலைந்துகொண்டிருந்தார். அவரது மூக்குக்கண்ணாடி உடைந்திருந்தது. கொண்டு வந்த உணவும் தீர்ந்துவிட்டது. தட்டுத் தடுமாறி ஒருவழியாகத் திரும்பிய அவரை, வனக்காவலர்கள் வீட்டிற்குச் சென்றுவிடுமாறு அறிவுறுத்தினர். அவரும் மறுபேச்சின்றி ஊர் திரும்பினார். தாம் எங்குச் சென்றோம் என்பதைப் பிள்ளைகளிடம்கூட அவர் கூறவில்லை. அவர்தான் எம்மா கேட்வுட் அம்மையார்.

எம்மா 1887ஆம் ஆண்டு ஒஹாயோ மாநிலத்தில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தார். அவருடன் பிறந்தவர்கள் பலர். பத்தொன்பது வயதில் அவருக்குத் திருமணம் நடந்தது. பதினொரு பிள்ளைகளைப் பெற்று, பண்ணையில் ஓயாமல் உழைத்தார். ஆனால், இல்லற வாழ்க்கை அவருக்கு இனிமையாக அமையவில்லை. கணவர் அவரைப் பலமுறை கடுமையாகத் தாக்கினார். அத்தகைய வேளைகளில் எம்மா வீட்டைவிட்டு வெளியேறி, அருகிலிருந்த காட்டில் அடைக்கலம் புகுவார். மரங்களின் நடுவே அவருக்கு அமைதி கிடைத்தது. 1941ஆம் ஆண்டு அவர் மணவிலக்குப் பெற்றார்.

பிள்ளைகள் வளர்ந்து தனித்தனியே குடும்பம் நடத்தத் தொடங்கினர். அந்நாளில் ஒருமுறை, அப்பலேச்சியன் மலைப்பாதையைப் பற்றிய இதழ்க் கட்டுரை ஒன்றை எம்மா படித்தார். அப்பாதை தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, வடக்கே மேய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடிவடைகிறது. அதன் நீளம் அப்போது ஏறக்குறைய 3,300 கிலோமீட்டர். பாதை சீராக இருக்கிறது என்றும் இரவில் தங்க ஆங்காங்கே குடில்கள் உள்ளன என்றும் கட்டுரை கூறியது. எம்மாவின் உள்ளத்தில் ஆசை துளிர்த்தது. 1954ஆம் ஆண்டு அவர் மேற்கொண்ட முதல் முயற்சிதான் தோல்வியில் முடிந்தது.

எனினும், எம்மா மனந்தளரவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம் மூன்றாம் நாள், ஜார்ஜியாவின் ஓகல்தோர்ப் மலையிலிருந்து மீண்டும் நடக்கத் தொடங்கினார். அவரிடம் கூடாரமோ உறங்கும் பையோ இல்லை. தாமே தைத்த துணிப்பையைத் தோளில் தொங்கவிட்டிருந்தார். அதில் ஒரு போர்வை, மாற்றுடை, கைவிளக்கு, சிறு கத்தி, குறிப்பேடு ஆகியவை இருந்தன. மழைக்குப் போர்த்திக்கொள்ளக் குளியலறைத் திரை ஒன்றையும் வைத்திருந்தார். உலர்ந்த திராட்சையும் கடலையும் அவருக்கு வழி உணவாயின. கால்களில் சாதாரண கேன்வாஸ் காலணிகளையே அணிந்திருந்தார்.

கட்டுரை கூறியதற்கும் கண்ணெதிரே கண்டதற்கும் பெரும் வேறுபாடு இருந்தது. பல இடங்களில் பாதையைப் புதர்கள் மூடியிருந்தன. குடில்கள் பெரும்பாலும் மூன்று பக்கம் மட்டுமே சுவருள்ள சிறு கொட்டகைகள். அவற்றிலும் சில பழுதடைந்து மழைக்கு ஒழுகின. குடில் கிடைக்காத இரவுகளில் எம்மா சருகுகளைக் குவித்து அவற்றின் மேல் படுத்தார். குளிர் வாட்டியபோது கற்களை நெருப்பில் சூடாக்கி, அவற்றின் வெப்பத்தில் உறங்கினார். வழியோர வீடுகளில் சிலர் அவரை அன்போடு வரவேற்றனர். வேறு சிலரோ கதவைச் சாத்திக்கொண்டனர்.

ஆகஸ்டு மாதத்தில் கோனி, டயேன் என்னும் இரு சூறாவளிகள் அடுத்தடுத்து அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைத் தாக்கின. மழை கொட்டித் தீர்த்தது. ஆறுகள் கரைபுரண்டு ஓடின. நனைந்த உடையுடனும் சேறு படிந்த காலணிகளுடனும் எம்மா நடையைத் தொடர்ந்தார். வெர்மான்ட் மாநிலத்தில் வெள்ளம் பெருகிய ஓர் ஓடை அவரை வழிமறித்தது. ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பதை அவர் அறிந்திருந்தார். எனவே, கரையிலேயே காத்திருந்தார். பின்னர் அவ்வழியே வந்த இளைஞர் இருவர், தங்களுக்கு நடுவில் அவரைக் கயிற்றால் பிணைத்து, பாதுகாப்பாக அக்கரை சேர்த்தனர்.

1955ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள், 67 வயது எம்மா கட்டாடின் மலையுச்சியை அடைந்தார். அங்கே நின்று தம் நாட்டைப் போற்றும் பாடல் ஒன்றைப் பாடினார். 146 நாள்களில், அந்தப் பாதை முழுவதையும் ஒரே பயணத்தில் தனியாக நடந்து முடித்த முதல் பெண்மணி என்னும் பெருமை அவரைச் சேர்ந்தது. முந்தைய ஆண்டு அவர் தோற்றுத் திரும்பியதும் அதே மாநிலத்திலிருந்துதான்.

செய்தியாளர்கள் அவரைத் தேடி வந்தனர். எம்மா தம் சாதனையை மட்டும் பேசவில்லை. பாதையும் குடில்களும் கவனிப்பாரற்றுக் கிடப்பதையும் வெளிப்படையாக எடுத்துரைத்தார். அதனால் மக்களின் பார்வை அப்பாதையின் பக்கம் திரும்பியது. 1957ஆம் ஆண்டு அவர் மீண்டும் முழுப் பாதையையும் நடந்தார். 1964ஆம் ஆண்டுக்குள் பகுதி பகுதியாக மூன்றாம் முறையும் முடித்தார். இடையே 1959ஆம் ஆண்டு, 71 வயதில், ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள ஓரிகன் வழித்தடத்தையும் நடந்து கடந்தார்.

எம்மா 1973ஆம் ஆண்டு, தமது 85ஆவது வயதில் காலமானார். அவர் பிறந்த ஒஹாயோ மாநிலத்தில் ஒரு நடைபாதை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரு காலத்தில் அடிக்கு அஞ்சிக் காட்டிற்குள் ஓடிய பெண், பின்னாளில் தாமே விரும்பிக் காட்டிற்குள் நடந்தார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதற்கு அவர் வாழ்க்கை தக்க சான்றாகும்.