தீப்பெட்டி தந்த பெரியார் அய்ய நாடார்

வானம் பொய்த்த சிவகாசியிலிருந்து 1922-இல் அய்ய நாடாரும் உறவினர் சண்முக நாடாரும் கல்கத்தா சென்றனர். எட்டே மாதங்களில் தீப்பெட்டித் தொழில் பயின்று, சொந்த ஊரிலேயே ஆலை கண்டனர். பின்னர் அய்ய நாடார் நகர்மன்றத் தலைவரானார், 1963-இல் கல்லூரியும் நிறுவினார், 1982-இல் மறைந்தார். அன்னாரது அணில் முத்திரை யாவரும் அறிந்ததே.

எடப்புளி நாட்டில் தீப்பெட்டிப் படம் சேர்ப்பவன் யான். ஒரே படத்துக்கு ஏன் மூன்று பெட்டி என்று தோழர்கள் நகைப்பர். மரச்சில்லுப் பெட்டிமேல் ஒட்டிய தாள் வேறு. அட்டையிலேயே அச்சிட்டது வேறு. விலையும் காலத்தைச் சொல்லும்: 50 காசு எனில் 2007-க்கு முந்தியது, 2 ரூபாய் எனில் 2021 டிசம்பருக்குப் பிந்தியது. இரண்டுக்கும் இடைப்பட்டது 1 ரூபாய்ப் பெட்டி. ஒட்டுத்தாளை நீரில் ஊறவைத்துக் கிழியாமல் உரிக்க வேண்டும். காலிப் பெட்டியை அம்மா அடுப்பிலிடுமுன் பறிப்பதுதான் பெரும்பாடு!