துப்பாக்கிக் குழலில் பிறந்த எவர்சில்வர்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் அரிவாள்மணையில் துரு ஏறும். அருகிலிருக்கும் எவர்சில்வர் தூக்குவாளியோ பளபளவென்றே இருக்கும். பெயரில்தான் சில்வர்; வெள்ளி குன்றிமணியளவும் அதில் இல்லை. இவ்வுலோகத்தின் கதை துப்பாக்கிக் குழலில் தொடங்குகிறது. அக்கதைக்கு உரியவர் ஹாரி பிரியர்லி.

இங்கிலாந்தின் எஃகு நகரமாகிய ஷெபீல்டில், உருக்காலைத் தொழிலாளியின் மகனாக 1871இல் பிறந்தார். பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டார். தந்தை உழைத்த ஆலைக்கே சென்று, அதன் ஆய்வுக்கூடத்தில் புட்டி கழுவினார். இரவில் வேதியியல் பயின்றார். 1908இல் பர்த், ஜான் பிரவுன் ஆகிய இரு நிறுவனங்கள் கூட்டாக அமைத்த ஆராய்ச்சிக்கூடத்திற்கு அவரே தலைவரானார்.

1912இல் துப்பாக்கி செய்வோர் ஒரு குறையுடன் அவரை நாடினர். வெடிமருந்தின் கொதிக்கும் வாயு குழலின் உட்புறத்தை அரித்துவிடுகிறது என்பதே அது. கேட்டது தேய்மானத்திற்கு மருந்து, துருவுக்கு அன்று. (துருவும் அன்று பெருந்தொல்லைதான். தோட்டாவின் பற்றவைப்பு மருந்து குழலில் உப்பை விட்டுச் செல்லும். அது ஈரத்தை இழுக்கும். ஆகவே சிப்பாய்கள் குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவுவர்.) குரோமியம் கலந்தால் எஃகு வெப்பத்தைத் தாங்கும் என்றெண்ணிப் பலவாறு கலந்து பார்த்தார். 1913 ஆகஸ்டு 13ஆம் நாள் 12.8 விழுக்காடு குரோமியமும் 0.24 விழுக்காடு கரியும் உள்ள எஃகை வார்த்தார். நுண்ணோக்கியில் காண்பதற்காக நைட்ரிக் அமிலத்தால் அரிக்க முயன்றால், அது அரிபடவில்லை! காடியும் எலுமிச்சைச் சாறும்கூடத் தோற்றன. குரோமியம் காற்றின் ஆக்சிஜனோடு கூடிக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய போர்வையாகிறது. கீறினாலும் மீண்டும் மூடிக்கொள்ளும்.

ஜெர்மனியின் குருப் ஆலையினர் 1912இலேயே இத்தகைய கலவைக்குக் காப்புரிமை கேட்டிருந்தனர். ஆகவே பிரியர்லி ஒருவரையே தந்தை என்பது மிகை. சாப்பாட்டுக் கத்திக்கு இது ஏற்றது என்று கண்டதே அவர் பெருமை. ஆலை முதலாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. முதலில் செய்த கத்திகளோ வெட்ட மறுத்தன. எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்னும் கத்தித் தொழிலர் சூட்டைச் சரிசெய்து வெற்றி கண்டார். கறைபடாதது என்ற பெயரும் அவர் இட்டதே. காப்புரிமை யாருக்கு என்னும் பூசலில் மனம் கசந்து, 1915இல் பிரியர்லி அவ்வாலையை விட்டு விலகினார். பெசமர் தங்கப்பதக்கம் 1920இல் கிட்டியது. 1948இல் மறைந்தார்.

படைத் துப்பாக்கிகள் அவருடைய எஃகுக்கு மாறிவிடவில்லை. சாதாரண எஃகுக் குழலின் உட்புறத்தில் குரோமியம் முலாம் பூசுவதும், வெளிப்புறத்தைக் கருநீலமாக்குவதும் அல்லது பாஸ்பேட் பூச்சிடுவதுமே பெருவழக்காயின. கறைபடா எஃகுக் குழல்களைப் பின்னாளில் குறிபார்த்துச் சுடும் போட்டியாளர்கள் விரும்பினர்.

நம் தூக்குவாளியில் குரோமியத்துடன் நிக்கலோ மாங்கனீசோ சேரும்; அது வேறு கிளை. குற்றாலத்துப் பழக்கடையில் அன்னாசி நறுக்கும் எவர்சில்வர் கத்தியே பிரியர்லி வார்த்த எஃகுக்கு நெருங்கிய உறவு.