நன்றி மறவாத நல்லாசிரியர்

திண்டிவனத்தைச் சார்ந்த கிடங்கில், ஓய்மானாட்டு நல்லியக்கோடனுக்கு உரிய ஊராக இருந்ததென்பதைச் சிறுபாணாற்றுப்படை பயின்றோர் அறிவர். அங்கிருந்து விழுப்புரம் வந்து, காட்பாடி செல்லும் இருப்புப்பாதை வழியே மேற்கு நோக்கிச் சென்றால் திருக்கோவலூரை அடையலாம். அவ்வூரருகே தென்பெண்ணையாற்றின் நடுவே பெரும்பாறையொன்று நிற்கின்றது. மக்கள் அதனைக் கபிலக்கல் என வழங்குவர். கடைச்சங்கப் புலவராகிய கபிலரின் வாழ்வு முற்றுப்பெற்ற இடம் அதுவே என்பது தொன்றுதொட்டு வரும் வழக்கு. அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

கபிலர் அந்தணர் குலத்தவர். குறிஞ்சித்திணை பாடுதலில் ஒப்பற்றவர். ஐங்குறுநூற்றில் குறிஞ்சி பற்றிய 100 பாடல்களும் இவர் இயற்றியனவே. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தும்பொருட்டு இவர் பாடியது குறிஞ்சிப்பாட்டு. 261 அடிகளில் 99 மலர்களின் பெயர்களை அடுக்கி, தமிழர் அகவொழுக்கத்தின் மாண்பை அயலானும் உணருமாறு காட்டிய அவரை நல்லாசிரியர் எனக் கூறுதல் முற்றும் பொருந்தும்.

பறம்புமலைத் தலைவனாகிய வேள் பாரி இவர்பால் பேரன்பு பூண்டு, புலவராக மட்டுமன்றி உயிர்த்தோழராகவும் இவரைப் போற்றினான். மூவேந்தரும் ஒருங்கே கூடிப் பறம்பை முற்றியபோது கபிலர் அவனை விட்டு நீங்கினாரல்லர். முற்றுகையால் உணவு அருகியபொழுது, கிளிகளைக்கொண்டு வெளியிலிருந்து நெற்கதிர் வருவித்தார் என்னும் செய்தி அகநானூற்றால் அறியப்படுகின்றது. பறம்பு நாட்டின் 300 ஊர்களும் முன்னரே பரிசிலர்க்கு உரியவாயின என்றும், படையால் கொள்ளலாகாத மலையைப் பாடி இரந்து கொள்ளலாம் என்றும் வேந்தர் முகத்தெதிரே இடித்துரைத்தார். எனினும் பாரி மாண்டான்; பறம்பும் பிறர்வசமாயிற்று.

இனித்தான் கபிலரின் உண்மைப் பெருமை வெளிப்படுகின்றது. புரந்தவன் வாழுங்கால் அவனைப் புகழ்தல் எவர்க்கும் எளிது. அவன் மறைந்து, அவன் பெயரைச் சொல்வதால் பெறுவது யாதுமில்லாத காலத்தும் அவன் கடமையைத் தன் கடமையாக மேற்கொள்ளுதலே அரிது. தந்தையை இழந்த பாரிமகளிர் இருவரையும் உடன்கொண்டு கபிலர் ஊரூராக நடந்தார். விச்சிக்கோனை அணுகி மணம் பேசினார், பயனில்லை. இருங்கோவேளை வேண்டினார்; அவனும் மறுத்தான். அப்போதும் அவர் ஆசிரியராகவே நின்று, கழாத்தலையார் என்னும் புலவரை இகழ்ந்தமையால் அரையம் என்னும் பேரூர் அழிந்ததனை அவனுக்கு எடுத்துக்காட்டினார்.

பின்னர் அம்மகளிரைப் பார்ப்பாரிடம் அடைக்கலமாக ஒப்புவித்தார் என்பது புறநானூற்றுக் குறிப்பு. சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதனைக் கண்டு பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தைப் பாடியபோதும், முதற்கண் பாரியின் மறைவையே கூறினார். அவனை இழந்தமையால் இரக்க வந்தேனல்லேன் என்று தம் நிலையையும் தெளிவுபடுத்தினார். புதிய புரவலன் முன் பழைய புரவலனை மறைத்துப் பேசும் சிறுமை அவரிடம் இல்லை. கோவலூர் மலையமான் திருமுடிக்காரியிடத்தும், கொடுத்தல் எளிது, வருவோரின் தரமறிதல் அரிது என்னும் பாடத்தைக் கற்பித்தார்.

தம் கடன் தீர்ந்ததெனக் கண்டபின், பாரியைப் பிரிந்து வாழ மனமின்றி, மறுமையிலும் அவன் நட்பையே வேண்டிக் கபிலர் வடக்கிருந்தார். பாரிமகளை மலையனுக்கு உதவிய பின் அவர் தீப்புகுந்தார் எனத் திருக்கோவலூர் வீரட்டானத்துள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு கூறுகின்றது. அவர் உயிர் நீத்த வகையில் இவ்வாறு இருவேறு செய்திகள் உளவேனும், அவரது நன்றியைப் பற்றி இரண்டும் ஒன்றே சொல்கின்றன.

உயிர் விடுதலை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. அதற்கு முன் அவர் வாழ்ந்த வாழ்வே நமக்குரியது. ஆசிரியத் தொழிலில் ஊதியம் குறையும் நாளும், உழைப்பு மதிக்கப்படாத நாளும் உண்டு. அந்நாட்களில், நம்மை உருவாக்கியோரை நினைந்து, அவர் நமக்குச் செய்ததை நம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட இளையோர்க்குச் செய்வோமாயின், அதுவே நன்றியறிதலாம். மாணவ நண்பர்கள் விழுப்புரம் வழியே செல்ல நேரும்போது, ஒருமுறையேனும் கோவலூரில் இறங்கி அக்கல்லைக் கண்டு வருவார்களாக.