தோற்றவருக்கும் புரியும் தீர்ப்பு



திருத்தணியில் வாழும் நமக்குத் தமிழும் தெலுங்கும் பழகிய மொழிகள். 1960 ஏப்ரல் 1-இல் தமிழகத்தோடு இணையும்வரை, நமது ஊர் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. எனவே, தெரியாத மொழியில் எழுதிய காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவரின் தவிப்பு நமக்குப் புரியும். நீதிமன்றத்தில் அந்தத் தவிப்பை உணர்ந்த கத்தோலிக்க நீதிபதி ஒருவரை இன்று நினைவுகூர்வோம். அவர்தான் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

1826-இல் திருச்சிக்கு அருகிலுள்ள குளத்தூரில் பிறந்த இவர், முதலில் திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். பிறர் சொன்னதைக் கூட்டாமலும் குறைக்காமலும் எடுத்துச் சொல்லும் பழக்கம் அங்கே வந்தது. 1857-இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பிறகு சீர்காழியிலும் மாயூரத்திலும் நீதி வழங்கினார்.

நீதிபதி எவ்வாறு தீர்ப்புக்கு வருகிறார்? வாதி, பிரதிவாதி இருவரையும் கேட்கிறார். பத்திரங்களையும் சாட்சிகளையும் சீர்தூக்கிப் பார்க்கிறார். சட்டத்தையும், இதுபோன்ற வழக்குகளில் மேல் நீதிமன்றம் முன்பு அளித்த முடிவுகளையும் ஆராய்கிறார். இறுதியில் காரணங்களோடு தீர்ப்பை எழுதுகிறார். தோற்றவரும் தாம் ஏன் தோற்றோம் என்று அறிய வேண்டுமல்லவா?

ஆனால் அக்காலத்தில் மேல் நீதிமன்ற முடிவுகள் ஆங்கிலத்தில் இருந்தன. ஆகவே 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி, 1862-இல் சித்தாந்த சங்கிரகம் என்ற நூலாக வெளியிட்டார் வேதநாயகம் பிள்ளை. 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம் என்ற தமது நாவலிலும், மக்களுக்குப் புரியாத மொழியில் வழக்கு நடப்பதைக் கண்டித்தார். கைக்கூலி வாங்குவதை நீதி நூலில் சாடினார். 1876 முதல் 1878 வரை வாட்டிய கொடும் பஞ்சத்தில், சாதி சமயம் பாராமல் பசித்தோருக்குக் கஞ்சி ஊற்றினார். 1889-இல் இறைவனடி சேர்ந்தார்.

அன்பர்களே, நாம் நீதிபதிகள் அல்ல. ஆனாலும் வீட்டிலும் அன்பியத்திலும் பங்குப் பேரவையிலும் தினமும் தீர்ப்பு வழங்குகிறோம். பங்குத்தந்தையரும் இதற்கு விலக்கல்ல. பங்கு இல்லத்துக்கு முதலில் வந்து அழுதவர் பக்கமே நியாயம் இருப்பதாக நாம் எண்ணிவிட்டு, மற்றவரைக் கூப்பிட்டுக் கேட்காமலே விட்ட நாள்கள் உண்டு. காரணம் தெரியாமலே ஆலயத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு.

இயேசுவைக் கேட்காமலே தண்டிக்கத் துடித்த தலைவர்கள் நடுவே, ஒருவரை விசாரிக்காமல் தீர்ப்பிடலாமா என்று கேட்டவர் நிக்கதேம் ஒருவரே. அந்தத் துணிவை நமக்கும் தருமாறு மன்றாடுவோம். இந்த வாரம், நாம் மனத்தில் தீர்ப்பிட்டுவிட்ட ஒருவரைத் தேடிச்சென்று, அவர் பக்கத்தையும் பொறுமையோடு கேட்போம்.