சுவரில் மாட்டிய ‘24 டிகிரி’ பெட்டி: யார் இந்த வாரன் ஜான்சன்?

ஓசூர் சிப்காட் பக்கம் எந்தப் பெரிய அலுவலகத்துக்குள் போனாலும் சுவரில் சின்னதாக ஒரு பெட்டி இருக்கும். 24 டிகிரி என்று காட்டும். கூட்டுவதா, குறைப்பதா என்று தினமும் ஒரு பஞ்சாயத்தும் நடக்கும். அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருப்பவர், 140 வருஷத்துக்கு முந்தைய ஓர் அமெரிக்க வாத்தியார்.

வாரன் ஜான்சன் 1847-ல் வெர்மான்ட் மாகாணத்தில் பிறந்தார். கருவிகளைப் பற்றி அவர் கற்றதெல்லாம் பெரும்பாலும் தானாகவே. விஸ்கான்சின் மாகாணத்தின் வைட்வாட்டர் ஊரில், ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பேராசிரியராக இருந்தார். அங்கே குளிர் கடுமை. கீழ்த்தளத்தில் உலை, மேலே வகுப்பறைகள். அறை எவ்வளவு சூடாக இருக்கிறது என்று உலையைக் கவனிக்கும் ஊழியருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு வகுப்பாக ஏறி வந்து பார்ப்பார். பிறகு இறங்கிப்போய் உலையைக் கூட்டுவார், குறைப்பார். ஒவ்வொரு முறையும் பாடம் பாதியில் நிற்கும்.

ஜான்சன் ஒரு வழி கண்டுபிடித்தார். அறையில் வெப்பத்தை உணரும் கருவி, அதிலிருந்து கீழ்த்தளத்துக்கு ஒரு ஒயர், அங்கே ஒரு மணி. வெப்பம் மாறினால் மணி அடிக்கும், அவ்வளவுதான். 1883-ல் காப்புரிமை கிடைத்தது. நிலக்கரியை மிச்சம் பிடிப்பது அப்போது நோக்கமே இல்லை. வகுப்பு கெடக் கூடாது என்பதுதான்.

ஆனால் மணி அடித்தாலும் எழுந்துபோக ஓர் ஆள் வேண்டுமே? 1885-ல் மில்வாக்கியில் முதலீட்டாளர்களோடு நிறுவனம் தொடங்கினார். அடுத்து, அழுத்தப்பட்ட காற்றைக் கொண்டு அந்தந்த அறையின் வால்வை அந்தந்த அறையின் தெர்மோஸ்டாட்டே திறந்து மூடும்படி செய்தார். இதற்கான காப்புரிமை 1895-ல் வந்தது. வெயில் படும் அறைக்கும் நிழல் அறைக்கும் இனி ஒரே அளவு சூடு போக வேண்டியதில்லை. கரண்ட் பில் குறைய இன்று கம்ப்யூட்டர் வைத்துச் செய்யும் கட்டட நிர்வாகத்தின் அடிப்படையும் இதேதான்: உணர், ஒப்பிடு, வால்வைத் திருப்பு. ஓசூரில் வேலை சூடாக்குவதல்ல, குளிர்விப்பது, அதுதான் வித்தியாசம். உணரும் கருவியை வெயில் படும் சுவரில் மாட்டிவிட்டால் இன்றைய சிஸ்டமும் ஏமாந்து மொத்த ஹாலையும் நடுங்க வைக்கும்.

ஜான்சனுக்கோ ஒரே விஷயத்தில் மனசு நிற்கவில்லை. காற்றழுத்தத்தில் ஓடும் கோபுரக் கடிகாரங்கள், கம்பியில்லாத் தந்தி, நீராவி வண்டி என்று கிளைவிட்டுக்கொண்டே போனார். 1911-ல் இறந்தார். அதன்பின் நிறுவனம் மற்றதையெல்லாம் கைவிட்டு, வெப்பக் கட்டுப்பாட்டை மட்டும் பிடித்துக்கொண்டது. இன்று அதன் பெயர் ஜான்சன் கன்ட்ரோல்ஸ்.