மூணு நிமிஷத்துக்குள்ள ஒரு கிட்டப்பா

அனலாக் பெரிசா, டிஜிட்டல் பெரிசா? ஹாஸ்டல்ல யாராவது புது ஸ்பீக்கர் வாங்கினா இந்தச் சண்டை கண்டிப்பா வரும். வினைல்ல உயிர் இருக்குன்னு ஒரு கோஷ்டி, சிடிதான் சுத்தம்னு இன்னொரு கோஷ்டி. இந்தச் சண்டையில உண்மையிலேயே எதையாவது இழக்கக்கூடிய ஒருத்தரைப் பத்திதான் இந்தக் கட்டுரை. அவர் எஸ்.ஜி.கிட்டப்பா.

1965-ல வந்த திருவிளையாடல் படத்துல ஔவையாரா வந்து பாடுற கே.பி.சுந்தராம்பாளை நமக்குத் தெரியும். டிவியில எத்தனையோ தடவை பார்த்திருக்கோம். அவங்களோட வாழ்க்கைத் துணையா இருந்தவர்தான் கிட்டப்பா. ஒரு காலத்துல அவங்களை விடவும் பெரிய நட்சத்திரம். ஆனா அவர் ஒரு படத்துலகூட நடிக்கல. அவர் குரல் மிச்சமிருக்கிறது கிராமபோன் தட்டுகள்ல மட்டும்தான்.

கிட்டப்பா 1906-ல செங்கோட்டையில் பிறந்தார். அப்போ அந்த ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்துல இருந்தது. வீட்டில் வறுமை. அண்ணன்மார்களோட சேர்ந்து சின்ன வயசுலயே நாடக மேடை ஏறிட்டார். வருஷக்கணக்கா ஒரு குருகிட்ட உட்கார்ந்து சங்கீதம் படிக்கிற வாய்ப்பு அவருக்குக் கிடைக்கல. கேட்டுக் கேட்டே பிடிச்சுக்கிட்டார். கன்னையா கம்பெனியோட தசாவதாரம் நாடகம் அவர் பேரை ஊரெல்லாம் கொண்டுபோச்சு.

அன்னைக்கு நாடகம்னா என்னன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நம்ம தருமபுரி பக்கம் திருவிழாக் கூத்துக்கே இப்போ மைக், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் வந்திடுச்சு. கிட்டப்பா மேடையேறின காலத்துல மைக் கிடையாது. கடைசி வரிசைல தரையில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் தொண்டை மட்டும்தான் போய்ச் சேரணும். அதனாலதான் மேல் ஸ்தாயில நின்னு பாடுற குரலுக்கு அவ்வளவு மதிப்பு. ஜனங்க ஒன்ஸ்மோர் கேட்டா அதே பாட்டை இன்னும் விரிச்சுப் பாடணும். ஒரு பாட்டு எப்போ முடியும்னு யாருக்கும் தெரியாது.

1926-ல இலங்கையில் நாடகம் போடப் போன இடத்துல சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் சேர்ந்து நடிச்சாங்க. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தது. இருந்தாலும் ரெண்டு பேரும் வாழ்க்கையிலும் சேர்ந்தாங்க. வள்ளி திருமணம் போட்டா ஊரே திரண்டு வந்தது.

அதே வருஷங்கள்லதான் கிராமபோன் கம்பெனிகள் பாடகர்களைத் தேடி வந்தாங்க. 1925 வரைக்கும் பாடகர் ஒரு பெரிய கூம்புக்குள்ள பாடணும். அந்தக் காத்து அழுத்தமே ஊசியை ஆட்டி மெழுகுல பள்ளம் போடும். அதுக்கப்புறம் மைக் வழியா பதியிற எலக்ட்ரிக்கல் முறை பரவுச்சு. அதுலயும் சுமார் 5,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் ஒழுங்கா பதியும். பத்து அங்குலத் தட்டு, ஒரு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட மூணு நிமிஷம். மேடையில விடிய விடியப் பாடினவர் மூணு நிமிஷத்துக்குள்ள பாடி முடிக்கணும்.

தட்டு எதுல செஞ்சது தெரியுமா? அரக்கு. அதோட கல்லுத்தூள் மாதிரி தாதுப்பொடியும் கலப்பாங்க. கேக்கும்போது வர்ற இரைச்சல்ல பெரும்பங்கு அந்தப் பொடியோடதுதான். இரும்பு ஊசி ஒவ்வொரு தடவை ஓடும்போதும் பள்ளம் கொஞ்சம் தேயும். ஒருத்தர் கிட்டப்பாவை எவ்வளவு ஆசையா கேட்டாரோ, அவர் வீட்டுத் தட்டு அவ்வளவு சீக்கிரம் அழிஞ்சிருக்கும்.

1933 டிசம்பர் 2-ல கிட்டப்பா இறந்துட்டார். வயசு 27. சுந்தராம்பாள் அன்னையிலிருந்து வெள்ளைப் புடவைக்கு மாறினாங்க. அதுக்கப்புறம் எந்த நடிகருக்கும் ஜோடியா நடிக்கல. 1935-ல வந்த நந்தனார் படத்துல லட்ச ரூபாய் சம்பளத்துக்கு நடிச்சாங்க. வேஷம்? நந்தனார்தான், ஆண் வேஷம். 1980-ல அவங்க இறக்குற வரைக்கும் தட்டு, சினிமா, எல்.பி., டேப்னு எல்லாத்திலயும் அவங்க குரல் பதிவாச்சு. கிட்டப்பாவுக்கு அரக்குத் தட்டோட கதை முடிஞ்சிடுச்சு.

இப்போ நம்ம சண்டைக்கு வருவோம். சிடி ஒரு செகண்டுக்கு 44,100 சாம்பிள் எடுக்குது, ஒவ்வொண்ணும் 16 பிட். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பேப்பர்ல படிச்ச நைக்விஸ்ட் கணக்குப்படி இது 22,050 ஹெர்ட்ஸ் வரைக்கும் தாங்கும். தட்டுல இருக்கிறதே 5,000 சொச்சம்தான். அதனால டிஜிட்டல் ஆக்கினதுல கிட்டப்பா குரல்ல எதுவும் குறைஞ்சுபோகணும்னு அவசியமே இல்ல. படிக்கட்டு மாதிரி உடைஞ்சு கேக்கும்னு சொல்றது தப்பு. டிஏசி-யிலிருந்து வெளியே வர்றது வழவழப்பான அலைதான். இன்னொரு விஷயம், டிஜிட்டல் காப்பி எத்தனை தடவை கேட்டாலும் தேயாது.

அப்போ டிஜிட்டல் கோஷ்டி ஜெயிச்சாச்சா? இல்ல. பிரச்சினை தட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல இருக்கு.

முதல்ல வேகம். 78 சுற்றுன்னு பேர்தானே தவிர, பழைய பதிவுகள் எல்லாம் சரியா 78-ல நடக்கல. 78-ல பதிஞ்ச தட்டை 82.6-ல ஓட்டினா ஸ்ருதி முழுசா அரைக்கட்டை ஏறிடும், மூணு நிமிஷப் பாட்டு 2 நிமிஷம் 50 செகண்ட்ல முடிஞ்சிடும். உச்ச ஸ்தாயிக்குப் பேர் போன ஒருத்தர் உண்மையில எவ்வளவு உயரத்துல பாடினார்ங்கிறதையே இந்த ஒரு எண் மாத்திடும். அடுத்தது ஊசி. 78 தட்டோட பள்ளம் அகலம். எல்.பி. ஊசியைப் போட்டா அது பள்ளத்தோட அடியில போய் உரசும், இரைச்சல்தான் அதிகம் வரும். மூணாவது ஈக்வலைசேஷன். இன்னைக்கு கடையில கிடைக்கிற ஃபோனோ ப்ரீஆம்ப் எல்லாம் 1950-கள்ல வந்த ஆர்ஐஏஏ வளைவுக்குச் செஞ்சது. கிட்டப்பா தட்டுகள் அதுக்கும் இருபது வருஷம் முந்தினது. கடைசியா நாய்ஸ் ரிமூவல். இரைச்சலும் அவர் உச்சரிக்கிற ச, ஸ மாதிரி ஒலிகளும் ஒரே அலைவரிசைல இருக்கு. ரொம்பச் சுத்தம் பண்ணினா இரைச்சலோட அந்த எழுத்தும் போயிடும்.

யூட்யூப்ல கிட்டப்பாவோட ஒரே பாட்டை ரெண்டு மூணு அப்லோட்ல கேட்டுப் பாருங்க. ஸ்ருதி ஒண்ணா இருக்கான்னு ஒரு ட்யூனர் ஆப் வெச்சுப் பார்த்துடலாம். ஒண்ணா இல்லேன்னா அது டிஜிட்டலோட குத்தம் இல்ல, தட்டை ஓட்டினவர் எடுத்த முடிவு. இரைச்சல் கொஞ்சம் கூட இருக்கிற அப்லோட்லதான் அவர் குரலும் கூட இருக்க வாய்ப்பு அதிகம்.

தாத்தா பாட்டி வீட்டுப் பரண்ல 78 தட்டு ஏதாவது கிடைச்சா, ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் வெச்சுத் துடைக்காதீங்க. அரக்கு ஆல்கஹால்ல கரையும். சரியான ஊசி இருக்கிறவர் கையில போய்ச் சேர்ற வரைக்கும் ஓட்டவும் வேண்டாம். இனிமே புதுசா ஒரு கிட்டப்பா தட்டு பதிவாகப் போறதில்ல. அந்தப் பள்ளத்துல இருக்கிறதுதான் மொத்தமும்.