தங்கமீன் முட்டையும் டோங் டிசோவும்

டோலி ஆட்டுக்குட்டியைத் தெரியாதவர் நம்மில் யாரும் இல்லை. வளர்ந்த ஆட்டின் செல்லிலிருந்து அது பிறந்தது 1996-ல். அதற்கு 33 வருஷம் முன்னாலேயே, கருவின் செல்லை வைத்து மீனை உண்டாக்கிய சீனத்து மேதையை எத்தனை பேருக்குத் தெரியும்?

டோங் டிசோ 1902-ல் நிங்போ நகருக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஏழை வீட்டில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா போய்விட்டார். உயர்நிலைப் பள்ளிக்குப் போனதே ரொம்பத் தாமதமாகத்தான். எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான்; அதனாலோ என்னவோ, இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டேன்.

1930-ல் பெல்ஜியம் போனார். அங்கே அவருக்குப் பேர் வாங்கித் தந்தது கைவேலை! தவளை முட்டையின் மேல் சவ்வை, முட்டை கெடாமல் உரித்துக் காட்டினார். பெரிய பேராசிரியர்களுக்கே கைவராத வேலை அது. ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடித்துக் கை காய்த்த நமக்கு இதன் அருமை புரியும்.

1934-ல் டாக்டர் பட்டத்தோடு நாடு திரும்பினார். பிறகு ஜப்பானோடு யுத்தம். சிச்சுவானில் லிஜுவாங் என்ற சின்ன ஊரில் ஒதுங்கியபோது கரண்ட் கிடையாது, நல்ல மைக்ரோஸ்கோப்பும் கிடையாது. பழைய சாமான் கடையில் ஒன்று கண்ணில் பட்டது. அவரும் மனைவி யே யூஃபென்னும் (அவரும் விஞ்ஞானிதான்) கடன்பட்டு அதை வாங்கினார்கள். கடனை அடைக்கப் பல வருஷம் ஆச்சு. சூரிய வெளிச்சத்தில் ஆராய்ச்சி, சோதனைக்குத் தங்கமீன். நம்ம இரும்புலியூர்ப் பக்கம் கண்ணாடித் தொட்டியில் விற்கிறார்களே, அதே மீன்தான்.

1963-ல் செய்தது இதுதான். வளர ஆரம்பித்த மீன் கருவிலிருந்து ஒரு செல்லின் உட்கருவை மெல்லிய கண்ணாடி ஊசியால் உறிஞ்சி, உட்கரு நீக்கிய இன்னொரு முட்டைக்குள் விட்டார். ஜவ்வரிசியை விடச் சின்ன முட்டை! மீன் குஞ்சு பொரித்து நீந்தியது. கட்டுரை சீன மொழியில் வந்ததால் வெளியுலகம் கவனிக்கவே இல்லை.

1966-ல் கலாச்சாரப் புரட்சி வந்தது. அந்தக் கைகளைக் கக்கூஸ் கழுவ வைத்தார்கள். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் மனுஷர் விடவில்லை. 1970-களில் கெண்டை மீனின் உட்கருவை, மீசையில்லாத வேறு இன முட்டைக்குள் வைத்தார்கள். பிறந்த மீனுக்குக் கெண்டை மீசை!

இந்த வழியில் நம்மவர்களும் போயிருக்கிறார்கள். செத்த ரோஸி பார்ப் மீனின் விந்தணுவை டைகர் பார்ப் முட்டையில் சேர்த்து, ரோஸி பார்ப் குஞ்சையே பிறக்கவைத்ததை 2004-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டார்கள்.

டோங் டிசோ 1979 மார்ச் 30-ல் காலமானார். மீசை மீனைப் பற்றிய கட்டுரை அச்சில் வந்தது 1980-ல்.